கடல் கடந்து படிக்கப் போகும் நம் பிள்ளைகள்

(எல்லைப் பகுதிக் கிளைகள் சேர்ந்து நடத்திய கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரயில்வே கிளார்க்குகளைப் பேசக் கூப்பிட்டால் பயணத்தைப் பற்றித்தானே பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். உண்மை என்னவென்றால், டிக்கெட் கொடுக்கிற நாங்கள் அதிகம் பயணம் போனவர்கள் இல்லை. போகிறவர்களையும் வருகிறவர்களையும் கம்பி வலைக்குள் இருந்து பார்த்தவர்கள். போகும்போது இருந்த முகமும் திரும்பி வரும்போது இருக்கிற முகமும் எங்களுக்குத் தெரியும். அந்த அளவுக்கு நாங்களும் பேசலாம்.

நாம் பயணம் அறியாத கூட்டமல்ல. நம் பாட்டன் பூட்டன் கங்காணிக்குப் பின்னால் மலை ஏறி வந்தான். சில குடும்பங்கள் கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களுக்குப் போய், 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டு, வண்டிப்பெரியாறுக்கு அப்பால் கவி காட்டில் குடி வைக்கப்பட்டன. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றம் முற்றியபோது ஏலத்தோட்டத்து ஜனங்கள் மூட்டையும் குழந்தையுமாகக் காட்டுப் பாதையில் தேனிப் பக்கம் இறங்கி ஓடினார்கள். அண்ணன் தம்பிகள் வளைகுடாவுக்குப் போனார்கள், இன்றும் போகிறார்கள். இத்தனை பயணத்திலும் பசி பின்னாலிருந்து தள்ளியது, அல்லது பயம் தள்ளியது, அல்லது ஒரு முதலாளி முன்னாலிருந்து இழுத்தான். போன இடத்தில் சுற்றிப் பார்க்க, உட்கார்ந்து யோசிக்க, நாலு பேரிடம் ஏன் எதற்கு என்று கேட்க யாருக்கு நேரம் இருந்தது? பத்து வருஷம் துபாயில் இருந்த தோழர் ஒருவரிடம் அந்த ஊரைப் பற்றிக் கேட்டோம். கேம்புக்கும் வேலை சைட்டுக்கும் நடுவில் பஸ் ஜன்னலில் தெரிந்ததைத் தவிர வேறு ஒன்றும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் மேல் குற்றமில்லை. அவருடைய பாஸ்போர்ட் அவர் கையில் இருக்கவில்லை.

படிக்கப் போகிற பயணம் வேறு ஜாதி. அங்கே போகிற பிள்ளைக்கு நூலக அட்டை உண்டு, வாத்தியாரை எதிர்த்துக் கேட்கிற உரிமை உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் உண்டு. இந்த நேரம் என்கிற பொருள் நம் வீடுகளில் எந்தத் தலைமுறைக்கும் கிடைத்ததில்லை.

கேரளத்தில் இன்று வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சுதான். 2018 கணக்கெடுப்பில் வெளிநாட்டில் இருந்த கேரள மாணவர்கள் சுமார் 1,30,000 பேர். 2023 கணக்கெடுப்பில் சுமார் 2,50,000 பேர். ஐந்தே வருஷத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. வெளிநாட்டில் இருக்கிற கேரளத்தவரில் நூற்றுக்குப் பதினோரு பேர் மாணவர்கள். இதில் லயத்து வீட்டிலிருந்து போனவர்கள் எத்தனை பேர்? நம் கிளைகளில் எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள் போதும். நம் கூட்டத்திலேயே சில தோழர்கள், அது பணக்காரப் பிள்ளைகள் சமாச்சாரம், சங்கத்துக்கு அதில் என்ன வேலை என்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இன்று நிற்கிறோம்.

அம்பேத்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். கையில் அரசியல் சட்டம், உடம்பில் கோட்டு சூட்டு. அந்தக் கோட்டு எங்கே தைத்தது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு என்று மூன்று வருஷத்துக்கு உதவித்தொகை கொடுத்தார். திரும்பி வந்து பரோடா சமஸ்தானத்தில் பத்து வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1913 ஜூலையில் நியூயார்க் இறங்கியபோது அவருக்கு வயது 22. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதன்மைப் பாடம் பொருளாதாரம். ஆனால் அங்கே ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போய் உட்காரலாம். சரித்திரம், சமூகவியல், மானிடவியல் எல்லாம் படித்தார். 1916 மே 9ஆம் தேதி கோல்டன்வைசர் என்ற பேராசிரியரின் கருத்தரங்கில், இந்தியாவில் சாதி எப்படி உண்டாயிற்று, எப்படி இயங்குகிறது என்று ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சாதியை அவர் பிறந்ததிலிருந்து அனுபவித்தவர். பள்ளிக்கூடத்தில் தனியாகச் சாக்கில் உட்கார்ந்தவர். அனுபவிப்பதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் அதை மேஜை மேல் வைத்து, மனிதர்கள் செய்த ஒரு ஏற்பாடாக, ஒரு பழைய இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதுபோலப் பார்க்க ஒரு தூரம் வேண்டியிருந்தது. யாரும் அவரைத் தள்ளி நில் என்று சொல்லாத ஊரில் சில வருஷம் வாழ வேண்டியிருந்தது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு வண்டியின் நீளம் தெரியாது. பிளாட்பாரத்தில் நிற்பவனுக்குத் தெரியும். எங்கள் தொழிலில் கற்ற பாடம் இது.

நியூயார்க்கிலிருந்து லண்டன் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்தது, படிப்பு முடியவில்லை, 1917இல் திரும்ப வேண்டியதாயிற்று. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். அவர் ஒரு கப்பலில் வர, அவர் சேர்த்த புத்தகங்கள் வேறு கப்பலில் ஏறி, குண்டடிபட்டு மூழ்கிப் போயின. சாமான் போனதற்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில்தான் பரோடா போவதற்கான செலவைச் சமாளித்தார். பார்சல் ஆபீசில் கிளெய்ம் எழுதி எழுதிக் கை சலித்த எங்களுக்கு இந்தச் செய்தி மறப்பதில்லை.

பரோடாவில் அவருக்குக் கிடைத்த பதவி மன்னரின் ராணுவச் செயலாளர். ஆபீஸ் பியூன் கோப்பைத் தூரத்திலிருந்து மேஜை மேல் எறிந்தான். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு ஆட்கள் வந்து வெளியேறச் சொன்னார்கள். ராத்திரி பம்பாய் வண்டி புறப்படும் நேரம் வரைக்கும் ஊர்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். மேல்நாட்டில் இருந்த வருஷங்களில் தான் தீண்டத்தகாதவன் என்பதே மறந்து போயிருந்தது என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார்.

வெளிநாட்டுப் படிப்பால் என்ன லாபம், கடைசியில் பூங்காவில்தானே உட்கார்ந்தார் என்று கேட்கலாம். நாங்கள் வேறு மாதிரி படிக்கிறோம். வெளியே போகாதவருக்கு அந்தத் தடி தலையெழுத்தாகத் தெரிந்திருக்கும். நான்கு வருஷம் மனிதனாக நடமாடி வந்தவருக்கு அது அக்கிரமமாகத் தெரிந்தது. பம்பாயில் கல்லூரி வாத்தியார் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும், கோல்ஹாப்பூர் ஷாகு மகராஜ் செய்த உதவியோடும் 1920இல் மறுபடி லண்டன் போய், விட்ட படிப்பை முடித்து 1923இல் திரும்பினார். 1927இல் மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்தார். சமஸ்தான உத்தியோகத்துக்கு என்று பத்திரம் எழுதிக் கொடுத்துப் போன இளைஞனின் லட்சியம் எங்கே போய் நின்றது பாருங்கள்.

அவர் மகாராஷ்டிரத்துக்காரர், நூறு வருஷத்துக் கதை என்பீர்கள். பக்கத்துக்கே வருவோம். கோட்டயம் மாவட்டத்து உழவூர் நம் பீர்மேட்டுக்காரர்களுக்கு எட்டாத ஊரா என்ன? அந்த ஊர் தலித் வீட்டுப் பிள்ளை கே. ஆர். நாராயணன். தினமும் வயல் வரப்பில் பல மைல் நடந்து பள்ளிக்கூடம் போனவர். ஃபீஸ் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முதல் வகுப்பில் தேறி, பத்திரிகை வேலை பார்த்தார். ஜே. ஆர். டி. டாட்டா கொடுத்த உதவித்தொகையில் 1945இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். ஹெரால்டு லாஸ்கி என்ற பேராசிரியரிடம் அரசியல் படித்தார். போர் முடிந்த லண்டன், ரேஷன் கார்டு லண்டன். கிருஷ்ண மேனன் நடத்திய இந்தியா லீக்கில் வேலை செய்தார். இலக்கியம் படித்தவர் அரசியல் படித்தவராகத் திரும்பினார்.

1948இல் ஊர் திரும்பும்போது லாஸ்கி நேருவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். நேருவைப் போய்ப் பார்த்தார். லண்டனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரம் முடிந்து எழுந்து புறப்படும்போதுதான் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று நேரு கேட்டாராம். கிளம்பும்போது கொடுத்தால் போதும் என்று நினைத்தேன் என்றாராம் நாராயணன். இதை அவரே சொல்லியிருக்கிறார். தோழர்களே, சிபாரிசுக் கடிதத்தை ஆபீஸ் வாசலிலேயே இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் நாம். பிரதம மந்திரிக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, சமமாகப் பேசிவிட்டு வருகிற அந்த முதுகெலும்பு மூன்று வருஷ லண்டன் வாழ்க்கை தந்தது என்றே எங்களுக்குப் படுகிறது. பட்டம் அதற்கு அப்புறம்தான்.

1949இல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதராக இருந்தார். 1984இல் எங்கே வந்து ஓட்டுக் கேட்டார்? நம் பாலக்காடு மாவட்டத்து ஒற்றப்பாலம் தொகுதியில். 1984, 1989, 1991 என்று மூன்று முறை ஜெயித்தார். 1997இல் குடியரசுத் தலைவர். அந்தத் தொகுதி 2008 மறுசீரமைப்பில் இல்லாமல் போய்விட்டது. ஒற்றப்பாலம் ஸ்டேஷன் இருக்கிறது.

ஒருவர் திரும்பி வந்தார் என்பதற்காக எல்லோரும் வருவார்கள் என்று நாங்கள் சத்தியம் செய்யவில்லை. போகிறவர்களில் பலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். அது அவர்கள் உரிமை. நம் முன்னோர் ராமநாதபுரத்துக்கும் திருநெல்வேலிக்கும் திரும்பிப் போனார்களா? நாம் யாரைக் குற்றம் சொல்ல முடியும்?

அங்கே எல்லாம் சொர்க்கம் என்றும் சொல்லவில்லை. நிறம் பார்க்கிறவன் அங்கேயும் இருக்கிறான். நம்மவர்கள் போன இடத்துக்கெல்லாம் சாதியும் அதே விமானத்தில் ஏறிப் போயிருக்கிறது. இல்லாவிட்டால் அமெரிக்காவில் சியாட்டில் நகரசபை 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டிய அவசியம் என்ன? ஆனால் அங்கே நம் பிள்ளை இன்னொன்றையும் பார்க்கும். உலகத்தில் தள்ளி வைக்கப்பட்டவர்கள் நாம் மட்டும் இல்லை என்று பார்க்கும். அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் இளைஞர்கள் இயக்கம் தொடங்கியபோது, அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நம் லயத்துக் கக்கூஸுக்குக் கதவு இல்லை என்பது நம் லயத்தோடு முடிகிற விஷயமில்லை என்று ஒரு பிள்ளைக்கு விளங்கிவிட்டால், அந்தப் பிள்ளை பேசுகிற பேச்சே வேறாக இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். போய் வந்த பிள்ளை ஒருவன் எங்களிடம் சொன்னான். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். சாயங்காலம் ஓட்டலில் தட்டுக் கழுவுகிற மாணவனும் அந்தப் பேராசிரியரும் ஒரே வரிசையில் நின்று காப்பி வாங்குகிறார்களாம். லீவுக்கு வந்தவன் தோட்டத்து ஆபீசில், உட்கார் என்று யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பாவுக்குக் கை கால் நடுங்கிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. இப்போது அந்த ஆபீசில் அப்பாவும் உட்காருகிறார்.

சென்ற மாதம் தேவிகுளம் பக்கத்தில் ஒரு தாய் எங்களைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கோயம்புத்தூரு வரைக்கும் அனுப்பவே இவ அப்பா ஒத்துக்கிடல. நீங்க லண்டன்ங்கிறீங்க. பொட்டப் புள்ள, போனா யாரு பாத்துக்கிடுவா?" நியாயமான கேள்வி. அந்தத் தாய் பதினெட்டு வயதில் கொளுந்துக்கூடை தூக்கியபோது யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய் அடைத்திருக்கும், மனம் மாறியிருக்காது. மத்திய அரசின் உதவித்தொகையில் நூற்றுக்கு முப்பது இடம் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறது என்பதைச் சொன்னோம். பெண்ணிடமே என்ன படிக்க ஆசை என்று கேட்டோம். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பதில் சொல்லவில்லை. ஆசை என்ன என்று அவளை யாரும் கேட்டதே இல்லை என்று தெரிந்துகொண்டு வந்தோம்.

இனிப் பணம். பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சி போர்டு தொங்குகிறது. அங்கே போய் மாட்டாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறோம். கமிஷன் கொடுக்கிற கல்லூரிக்குத்தான் அவன் ஆள் அனுப்புவான். நாடுகளின் விதி வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. கனடா 2024இல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. கடன் வாங்கிவிட்டு வீசா வராமல் நிற்கிற குடும்பத்துக்கு ஏஜென்சிக்காரன் வட்டி கட்ட மாட்டான். பாங்குக் கடன் ஏழரை லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாமல் கிடைக்க வழி உண்டு. அதற்கு மேல் சொத்து கேட்பார்கள். நாம் எதைக் காட்டுவது? லயத்து வீட்டுக்குப் பட்டா கிடையாது; ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டிய வீடு அது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனாலும் ஒரு வருஷச் சாப்பாட்டுக்கு என்று 11,904 யூரோ, நம் பணத்தில் 12 லட்சத்தை ஒட்டி, முன்கூட்டியே பாங்கில் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். மாதாமாதம் அது பிள்ளைக்கே திரும்பி வரும். முதலில் போடுவதற்கு எங்கே போவது?

ஆகவே, உதவித்தொகைதான் நமக்கு வழி. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1954-55 முதல் இருக்கிறது. இப்போது வருஷத்துக்கு 125 இடம். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு, மிச்சம் சீர்மரபினர், நாடோடிப் பிரிவினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. முதுகலைக்கும் முனைவர் படிப்புக்கும் மட்டும். வயது 35க்குள், மதிப்பெண் நூற்றுக்கு அறுபது, குடும்ப வருமானம் வருஷம் 8 லட்சத்துக்குள். வருமான வரம்பில் நம் பிள்ளைகள் எல்லோரும் தேறிவிடுவார்கள், அந்த ஒரு பரீட்சையில் நாம் என்றும் முதல் மார்க்! ஆனால் நாடு முழுவதற்கும் 125 இடம் என்றால், ஒரு ஸ்லீப்பர் கோச்சில் இரண்டு பெட்டி கூட நிரம்பாது. இதை உயர்த்தக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும. 2022இல் இந்தத் திட்டத்தில் ஒரு விதி சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, சரித்திரம், இந்திய சமூகம் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்தப் பணம் கிடையாதாம். அதாவது 1916இல் அம்பேத்கர் நியூயார்க்கில் படித்தாரே, அந்தத் தலைப்பில் ஆராய்ச்சி செய்ய இன்று ஒரு பிள்ளை மனுப் போட்டால் தள்ளிவிடுவார்கள். வெளியே போய்ப் படி, ஆனால் உன் ஊரைத் திரும்பிப் பார்க்காதே என்பதுதானே இதன் பொருள்?

மாநில அரசுகளின் கதை நமக்கென்றே எழுதினதுபோல இருக்கிறது. கேரளத்திலும் வெளிநாட்டுப் படிப்புக்குத் திட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டிலும் இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை வந்த அன்று உன் குடும்பம் எங்கே குடியிருந்தது என்று இங்கே கேட்கிறார்கள். அதற்கு முன்பே மலைக்கு வந்ததற்குக் காகிதம் காட்டினால் சாதிச் சான்றிதழ். இல்லாவிட்டால் உன் பூர்வீகம் அங்கே, அங்கே போ. அங்கே போனால், நீ பிறந்தது படித்தது எல்லாம் கேரளம், இங்கே ஏன் வந்தாய்? ஒரு பிள்ளையின் சான்றிதழுக்காக நாங்களே ஓர் ஆபீசுக்கு ஏழு முறை ஏறி இறங்கினோம். எட்டாவது முறை கிடைத்தது, விண்ணப்பத் தேதி போய்விட்டது.

நம் பகுதிக்குக் காத்திருப்பு புதிதல்ல. மதுரை - போடி ரயில் பாதையை அகலப்படுத்த 2010 கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். மறுபடி போடிக்கு வண்டி வந்தது 2023 ஜூன் 15. வண்டி நின்ற பிறகு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் பிளஸ் டூ முடித்துவிட்டது. ரயில் தாமதமானால் பஸ்ஸில் போகலாம். பிள்ளையின் வயது தாமதத்துக்கு நிற்காது.

கிளைகளுக்கு நாங்கள் வைக்கிற வேலை இது. பட்டப்படிப்பு இரண்டாம் வருஷம் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்போதே பாஸ்போர்ட் எடுங்கள். 1950க்கு முந்தின காகிதம் எதுவானாலும் தேடுங்கள்: பாட்டனுடைய தோட்டத்துச் செக்ரோல் நகல், பழைய பி.எஃப். சீட்டு, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவு, ரேஷன் கார்டு. டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருக்கிற காகிதத்தைக்கூட எடுத்துப் பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் இருவர் மூணாறு கிளையிலும், அதற்கடுத்த ஞாயிறு கொழிஞ்சாம்பாறையிலும் உட்கார்ந்திருப்போம். அசலும் இரண்டு நகலும் கொண்டு வாருங்கள், விண்ணப்பத்தை நாங்களே பூர்த்தி செய்து தருகிறோம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். என்ன படிக்க ஆசை என்ற கட்டத்தை மட்டும் அதன் கையால்தான் எழுத வேண்டும்.